தவணையும் வாடகையும் ஒன்றல்ல
"வாடகைக்குக் கொடுக்கும் தொகையையே மாதத் தவணையாகக் கட்டினால் வீடு சொந்தமாகிவிடும்" என்று வீடு வாங்கச் சொல்லும் ஒரு கட்டுரையில் வரும் வரியை ஏற்க முடியவில்லை. 9% வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை சுமார் 900 ரூபாய். முதல் மாதம் அதில் 750 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 150தான். அசலில் பாதி தீர்வதற்கே 14 ஆண்டுகள் ஆகும். ஆகவே வாடகையோடு ஒப்பிட வேண்டியது தவணையை அல்ல, திரும்பி வராத செலவுகளை: வட்டி, சொத்து வரி, பராமரிப்பு, வீடு வாங்கக் கையிலிருந்து போடும் முன்பணத்தை வேறிடத்தில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வருமானம். பத்திரப்பதிவுச் செலவு தனி. இரண்டு மூன்று ஆண்டில் விற்க நேர்ந்தால் அதை ஈடுகட்டுவதே கஷ்டம். பலர் கவனிக்காதது மாறும் வட்டி. தொடக்கத்திலேயே அது 10% ஆகி, தவணையை உயர்த்தாமல் விட்டால் 240 மாதக் கடன் ஏறக்குறைய 314 மாதமாக நீளும். தவணை மாறவில்லையே என்று நிம்மதியாக இருக்கும் குடும்பங்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. வட்டி ஏறியதும் வங்கியிடம் மீதித் தவணைகளின் எண்ணிக்கையை எழுத்தில் கேளுங்கள், முடிந்தால் தவணையை லட்சத்துக்கு 965 ஆக்கிக் காலத்தைப் பழையபடி நிறுத்துங்கள். வாடகை ஆண்டுதோறும் ஏறும், நிலையான வட்டிக் கடனில் தவணை ஏறாது என்பது மட்டும் வாங்குபவர் பக்கத்தில் உள்ள உண்மையான அனுகூலம். கட்டுரை அதைச் சொல்லவே இல்லை.