பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள், வேரைப் பிடியுங்கள்

அன்றாட ஹீப்ருச் சொற்களைப் பொருளோடு வரிசையாக மனப்பாடம் செய்யச் சொல்கிறது, ஹீப்ரு கற்பவர்களுக்கான ஒரு கட்டுரை. அதோடு மூன்று மெய்யெழுத்து வேரையும், அதாவது ஒரு சொற்குடும்பத்துக்கே அடிப்படையான மூன்று மெய்களையும், சொல்லித் தந்திருக்க வேண்டும். நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வேர் போதும். ப-த-ஹ எடுத்துக்கொள்ளுங்கள்: பத்தஹ் என்றால் திறந்தான், பெத்தஹ் வாசல், மஃப்தேயஹ் சாவி. நம் 'திறவுகோல்' பிறந்த அதே வழிதான்! முன்னால் வரும் 'ம' பெரும்பாலும் கருவியையோ இடத்தையோ காட்டும்.

பலர் தடுமாறுவது ப, ஃப மாற்றத்தில். அது ஒரே எழுத்து. சொல்லின் தொடக்கத்தில் வல்லோசை (ப), உயிரொலிக்குப் பின்னால் பெரும்பாலும் உரசொலி (ஃப). ப/வ (b/v), க/ஹ (k/kh) ஜோடிகளும் அப்படியே. இது தெரியாதவர்கள் ஒரே வேரை இரண்டாக எண்ணிவிடுகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை: எழுத்து ஒன்றானாலும் மூலம் ஒன்றாக இருக்காது. செஃபெர் (புத்தகம்), சிப்பூர் (கதை), மிஸ்பார் (எண்) ஒரே குடும்பம். சப்பார் (முடிதிருத்துபவர்) அதே மூன்றெழுத்துதான், ஆனால் வந்த வழி வேறு. ஹீப்ருவை மீண்டும் பேச்சுமொழியாக்கப் பாடுபட்ட எலியேசர் பென் யெஹுதா உருவாக்கிய 'மிலோன்' (அகராதி), 'மிலா' (சொல்) என்பதிலிருந்து வந்தது. அவருடைய 'இத்தோன்' (செய்தித்தாள்) காலத்தைக் குறிக்கும் 'ஏத்' வழி வந்தது. யல்லா (வா, போகலாம்), சபாபா (அருமை) போன்றவை அரபியிலிருந்து வந்தவை, வேர் தேட வேண்டாம்.

கிளிக்கு இன்று 'துக்கி' என்கிறார்கள். பைபிளில் சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த 'துக்கியீம்' (மயில்கள் என்று பொருள் கொள்ளப்படுவது), நம் 'தோகை'யோடு தொடர்புடையது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். கட்டுரையில் அதைச் சேர்த்திருக்கலாம்.