904 போய் 614 ஆன கணக்கு

சிங்கப்பூர் விக்டோரியா தியேட்டரில் நாடகம் பார்க்க டிக்கெட் கிடைக்காத கோபத்தில் ஒருவர் பதிவு போட்டாரே, "விக்டோரியா தியேட்டரை இடிச்சுட்டுப் பெருசா ஒண்ணு கட்டியிருக்கணும்" என்று! அதற்குக் கீழே குவிந்த ஹார்ட்டுகளைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவர் கணக்கு இதுதான். முன்பு 904 இருக்கை. 2010இல் மூடி 2014இல் திறந்தபோது 614. 158 மில்லியன் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) கொட்டி 290 நாற்காலியைத் தொலைத்துவிட்டார்களாம்.

கழித்தல் சரிதான் ஐயா. ஆனால் நாடக அரங்கில் தலையை எண்ணுவதற்கு முன்னால், கடைசி வரிசைக்காரர் காதில் 'ழ'வும் 'ள'வும் தனித்தனியாக விழுகிறதா என்று பார்க்கணும். வசனம் புரிய வேண்டுமென்றால், எழுந்த ஒலி ஏறக்குறைய ஒரு விநாடியில் அடங்க வேண்டும். அரங்கம் சிறிதாக இருந்தால் அது எளிது. மேற்கத்திய இசைக்குழுவுக்கோ அது இரண்டு விநாடி வரை இழுத்தால்தான் அழகு. அப்படி இழுக்கும் மண்டபத்தில் மிருதங்கத்துக்கு மைக் வைத்து ஏற்றிப் பாருங்கள், 'தகதிமி' நான்கும் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். நாம் சவுண்டுக்காரரைத் திட்டுவோம். பாவம், அவர் என்ன செய்வார்?

வழவழப்பான சுவரில் பட்ட ஒலி மொத்தமாகத் திரும்பி வந்து முட்டும். மேடுபள்ளத்தில் பட்டால் சிதறும். பழைய நாற்காலிகளின் வார்ப்பிரும்புச் சட்டங்களை அங்கே சுவரில் பதித்திருக்கிறார்களே, அந்த மேடுபள்ளத்தை வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோனவர்தான் 290 காணோம் என்கிறார்.

"அதுக்காகப் பழைய சுவரைக் கட்டிக்கிட்டு அழணுமா?" என்பீர்கள். 1862இல் டவுன் ஹாலாக முடிந்த கட்டடம் அது. பக்கத்தில் மணிக்கூண்டோடு விக்டோரியா ராணியின் நினைவு மண்டபம் 1905இல் திறந்தது. அதற்குப் பொருத்தமாக டவுன் ஹாலையும் மாற்றி 1909இல் தியேட்டர் ஆக்கினார்கள். அந்தக் காலத்துச் செங்கல் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உப்புப் பூக்கும், பூச்சு உப்பும், ஒருநாள் செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். உடனே "பழசு, தாங்காது" என்று தீர்ப்பு. கெடுத்தது சிமெண்ட், பழி செங்கலுக்கு. இதைத் தெரிந்து, பூச்சைச் சுரண்டி, சுண்ணாம்பு குழைத்துப் பூசிக் காயவிட நாளும் ஆகும், காசும் ஆகும். இடிக்க ஒரு வாரம் போதும்.

"வெள்ளைக்காரி பெயர் வைத்த கட்டடத்துக்கு இவ்வளவு பாசமா?" அடுத்து இதுதான் வரும், தெரியும். நாம் எழுந்து நின்று பாடும் தேசிய கீதம் 'மஜுலா சிங்கப்பூரா'வை சுபிர் சைட் எதற்காக இயற்றினார்? இதே தியேட்டர் புதுப்பிக்கப்பட்டு 1958இல் மறுபடி திறந்தபோது பாடத்தான். 1954 நவம்பர் 21 அன்று மக்கள் செயல் கட்சி (மசெக) தொடங்கியது பக்கத்து நினைவு மண்டபத்தில். பின்னாளில் வெளியுறவு அமைச்சரான நம் தமிழர் எஸ். ராஜரத்தினம் அதன் நிறுவனர்களில் ஒருவர். பெயர்ப்பலகையில் ராணி இருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். உள்ளே நடந்தது யாருடைய கதை?

வாடகை கட்டுப்படியாகவில்லை என்று நம் நாடகக்குழுக்கள் சொன்னால் நியாயம், நானும் கூட நிற்பேன். அது வேறு பஞ்சாயத்து.

பெரிய அரங்கம்தானே வேண்டும்? இருந்தது. ரிவர் வேலி ரோட்டில் தேசிய அரங்கம், 1963இல் திறந்தது, 3,420 இருக்கை. 'ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல்' என்று ஜனங்களிடம் வசூலித்துக் கட்டியது. பக்கச்சுவர் கிடையாது, காற்றாட உட்காரலாம். கூரை பாதுகாப்பில்லை என்றார்கள், விரைவுச்சாலை வருகிறது என்றார்கள், 1986இல் இடித்தாயிற்று. ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் செங்கலால் கட்டிய தேசிய நூலகமும் 2004இல் மூடி, சுரங்கச்சாலைக்காகப் போய்விட்டது. அதில் படித்து வளர்ந்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலேயே எத்தனை பேர்! அவர்களில் சிலரும் அந்தப் பதிவுக்கு ஹார்ட்டு போட்டிருப்பதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

விக்டோரியாவைவிடப் பெரிது இன்றைக்கு வேண்டுமென்றால், எஸ்பிளனேட் கலையரங்கம் நடந்துபோகிற தூரம்தான். அங்கேயும் டிக்கெட்டைக் கடைசி நாளில் தேடினால் கிடைக்காது.