சினிஸ்டர்: இடது கண் என்ன பாவம் செய்தது?

புதுக் கண்ணாடிக்கு எழுதித் தந்த சீட்டில் ஓ.டி., ஓ.எஸ். என்று இரண்டு வரி. முதலாவது வலது கண், அடுத்தது இடது. அந்த ‘எஸ்’ தான் சினிஸ்டர். ஆங்கிலத்தில் வில்லன் சிரிப்புக்குப் போடுகிற அதே சொல். என் இடது கண்ணில் பவர் கொஞ்சம் கூடுதல், மற்றபடி அது அப்பாவி.

லத்தீனில் சினிஸ்டர் ‘இடது’ என்று பொருள்படும் சாதாரணப் பெயரடை. “ரோமானியர்களுக்கு இடப்பக்கம் ஆகாது, அதனால்தான் கெட்ட பொருள்” என்று யாராவது பகிரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். சகுனம் பார்க்கிற விஷயத்தில் கதை நேர் எதிர். இடப்பக்கம் இடி இடித்தால் ரோமானியர்களுக்கு நல்ல சகுனம். தெற்கு நோக்கி நின்று பார்த்ததால் சூரியன் உதிக்கும் கிழக்கு இடப்பக்கம் விழுந்தது என்று காரணம் சொல்வார்கள். கிரேக்கர்கள் பார்த்தது வடக்கு, அதனால் அவர்களுக்கு வலதுதான் நல்லது. கி.மு. 44-இல் ரோமானிய அரசியல்வாதியும் எழுத்தாளருமான சிசரோ இந்த முரணை எடுத்துக்காட்டிச் சகுனத்தையே கேலி செய்தார். இத்தனைக்கும் அவரே அரசாங்கத்துக்குச் சகுனம் பார்க்கும் குழுவில் ஒருவர்!

அப்புறம் கிரேக்க இலக்கியத்தில் ஊறிய லத்தீன் கவிஞர்கள் கிரேக்கர்களின் பயத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். சொல் கறுத்துப்போனது.

கிரேக்கர்களோ தாங்கள் பயந்த இடதுக்கு வைத்த பெயர் ‘அரிஸ்தெரோஸ்’. ‘சிறந்தது’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நாம் நாகத்தை ‘நல்ல பாம்பு’ என்று சொல்லிச் சமாளிப்பதில்லையா, அதே வேலைதான். சினிஸ்டரும் ‘அதிகப் பயன் தருவது’ என்ற மங்கலச் சொல்லாகத்தான் பிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. முடிவான விஷயம் இல்லை, ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

இதன் ஜோடியான டெக்ஸ்டர், ‘வலது’, நமக்குத் தூரத்துச் சொந்தம். சமஸ்கிருத தட்சிணமும் அதுவும் ஒரே வேர். கோயிலில் பிரதட்சிணம் வருகிறோமே, அந்த தட்சிணம். இடதுக்கு நம் பேச்சில் இருப்பது பீச்சாங்கை. அதற்கு லத்தீன் எவ்வளவோ மரியாதை.

ஸ்பானியர்கள் பயந்துபோய், இடதுக்கு, வடக்கு ஸ்பெயினில் பேசப்படும் பாஸ்க் மொழியின் பக்கமிருந்து ‘இஸ்கியெர்தா’வை எடுத்துக்கொண்டார்கள். பழைய ‘சினியெஸ்த்ரோ’ இன்று அங்கே காப்பீட்டுத் தாள்களில் விபத்து என்ற பொருளில் கிடக்கிறது. இத்தாலியில் மட்டும் வழி கேட்டால் இன்றும் ‘சினிஸ்த்ரா’ என்று கை காட்டுவார்கள். பேசாமல் இடப்பக்கம் திரும்பிவிட வேண்டியதுதான்.