அக்காவுக்குத் தம்பி வழிகாட்டவில்லை

"தம்பி தாகூரின் புகழைப் பார்த்துத்தான் ஸ்வர்ணகுமாரி தேவி எழுத வந்தார்" என்று, ரவீந்திரநாத் தாகூரின் அக்காவான இந்த வங்காள எழுத்தாளரைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்கு தலைகீழாக இருக்கிறது. ஸ்வர்ணகுமாரி பிறந்தது 1855இல். அவருடைய முதல் நாவல் 'தீப்நிர்பான்' 1876இல் வெளிவந்தபோது ரவீந்திரநாத்துக்குப் பதினைந்து வயது. தம்பியின் முதல் புத்தகமே 1878இல்தான் வந்தது. புகழ் எங்கே இருந்தது, பார்த்து எழுத?

ஸ்வர்ணகுமாரி எழுதிய 'பாரதி' என்ற வங்காளப் பத்திரிகை தாகூர் குடும்பத்துடையது என்பது சரி. (நம் கவிஞர் பாரதிக்கும் இதற்கும் தொடர்பில்லை, அவர் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1877இல் தொடங்கியது.) முதலில் அண்ணன் துவிஜேந்திரநாத் ஆசிரியராக இருந்தார். 1884இல் குடும்பத்தில் நேர்ந்த ஒரு மரணத்தால் இதழ் நின்றுபோகும் நிலை வந்தபோது, பொறுப்பை எடுத்துக்கொண்டு பத்தாண்டுக்கும் மேல் நடத்தியவர் ஸ்வர்ணகுமாரி. நாவல், கவிதை, நாடகம் மட்டுமல்லாமல் அறிவியல் கட்டுரைகளும் எழுதினார். 1927இல் கல்கத்தா பல்கலைக்கழகம் அவருக்கு ஜகத்தாரிணி பதக்கம் என்ற இலக்கிய விருதை அளித்தது.

இன்னொன்று: அவரை 'வங்காளத்தின் முதல் பெண் நாவலாசிரியர்' என்று புகழ்பவர்களும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஹானா கேத்தரின் மல்லன்ஸ் என்ற கிறித்தவ மிஷனரிப் பெண் 1852இலேயே வங்காள மொழியில் உரைநடைப் புனைவு எழுதியிருக்கிறார்.