நல்ல மரணம் கேட்கிறோம், சரி, பீரோ சாவி எங்கே?

ஒரு ஜெபமாலையில் 53 அருள் நிறை மரியே. அத்தனை முறையும் "எங்கள் இறப்பின் வேளையிலும்" என்று சொல்லித்தான் முடிக்கிறோம். முடித்த கையோடு "அப்பா, உயில் ஏதாவது எழுதி வச்சிருக்கீங்களா" என்று கேட்டுப் பாருங்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு என்று வீடே மேலே பாயும். எங்கள் கடலூர் கத்தோலிக்க வீடுகளில் நான் பார்த்துச் சலித்த கூத்து இது.

நோயாளிக்கு ஃபாதர் எண்ணெய் பூசித் தரும் அருட்சாதனமான நோயில் பூசுதல் விஷயம் இதைவிட மோசம். ஃபாதரைக் கூப்பிடலாமா என்றால் "ஐயோ, அவர் பயந்துடுவார்" என்று தள்ளிப்போட்டு, கடைசியில் ஐசியூவில் நினைவு தப்பிய பிறகு ஓடுகிறார்கள். ஒயருக்கும் குழாய்க்கும் நடுவே நெற்றியைத் தேடி எண்ணெய் பூசிவிட்டு வருகிறார் ஃபாதர். இது சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே சொல்லிவிட்டது. பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் வாங்கலாம், முதுமையில் உடம்பு தளர்ந்தவர்கள் வாங்கலாம், நோய் முற்றினால் மறுபடியும் வாங்கலாம். நினைவு தப்பிய பிறகு பூசினாலும் அருட்சாதனம் செல்லும்தான். ஆனால் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவோ, நற்கருணை வாங்கவோ, நிலத் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்துபோன தம்பியைக் கூப்பிட்டு "விடுடா" என்று ஒரு வார்த்தை சொல்லவோ அந்த மனுஷனுக்கு வழியில்லாமல் போய்விடுகிறதே, அதற்கு யார் பொறுப்பு?

அந்த நிலத் தகராறும் பெரும்பாலும் காகிதத்தில்தான் ஆரம்பிக்கிறது. 2011-ல் வந்த 'தானே' புயலில் கூரையோடு பத்திரமும் போனதைப் பார்த்த ஊர் நம்முடையது, அப்படியும் எது எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லி வைப்பதில்லை. உயில் இல்லாமல் போனால், நம் கிறிஸ்தவர்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, மகன் மகள் வித்தியாசமில்லை. (பிரெஞ்சு ஆட்சியில் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்த புதுச்சேரி ரெனோன்சான் குடும்பங்களுக்குப் பிரெஞ்சுச் சட்டம், அது தனிக் கதை.) நடைமுறையில் துக்க வீட்டு ஈரம் காயும் முன்பே மகளிடம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள், அதுவும் முப்பதாம் நாள் பூசைக்கு வந்த இடத்தில். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, ஆனால் ரெண்டு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால், நம்மவர்களுக்கு அந்தப் பங்கு செல்லாது. கூட இருந்து பார்த்துக்கொண்ட பிள்ளையையே சாட்சியாக்கினால் அவன் வாயில் மண்தான். பேங்க் நாமினியும் அப்படியே, பணம் அவர் கைக்கு வரும், சொந்தம் வாரிசுகளுக்கு.

பிள்ளைகள் கோர்ட் வாசலில் நிற்கும்படி வைத்துவிட்டுப் போவது எனக்குப் பாவமாகத்தான் படுகிறது. உயில் எழுதுவதும் ஒரு ஆன்ம சோதனைதான், யாருக்கு என்ன செய்தோம், யாரை வஞ்சித்தோம் என்று யோசிக்காமல் அதில் ஒரு வரி ஓடாது.

அப்புறம் கண் தானம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், தவளக்குப்பம் அரவிந்த் மருத்துவமனையில் கண் வங்கி இருக்கிறது. உயிர்த்தெழும்போது கண் இருக்காதே என்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன், மண்ணில் ஆதாமையே செய்தவருக்கு ரெண்டு கண் பெரிய வேலையா?

என் விஷயத்தை எழுதி பீரோவில் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். மஞ்சக்குப்பம் முழுக்க என் மூஞ்சியைப் போட்டு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டாம், அந்தக் காசு எங்கள் கோயில் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபைக்கு. முப்பதாம் நாள் பூசை கண்டிப்பாக வேண்டும். பிரியாணி உங்கள் இஷ்டம்.