கோபுரத்தை உரித்து விற்றவர் பணக்காரர், கட்டினவன் வரி பாக்கிக்காரன்

ஞாயிறு இரவு நம்முடைய மைன்கிராஃப்ட் சேர்வரில் (புளொக் அடுக்கிக் கட்டி, எல்லாரும் சேர்ந்து விளையாடுகிற இடம்) நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. குரூப்பில் இருக்கிற எல்லாரும் ஸ்கிரீன்ஷொட் பார்த்தாயிற்று. சீசன் பரிசு அறிவித்தார்கள். முதல் ஐந்து பணக்காரருக்கு ரேங்க், இலவச நிலம், பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் கிரீடம். அந்த ஐவரில் ஒருவர் கடைசி வாரத்தில் ஏலத்தில் என்ன விற்றார் என்பதும் உங்களுக்குத் தெரியும். நம்மோடு விளையாடுகிற தம்பி ஒருவன் அங்கே கட்டின திருகோணமலைக் கோணேசர் கோயிலின் கோபுரத்தை விற்றார். நிலவரி கட்டவில்லை என்று கிளெய்ம் (மற்றவர் கை வைக்காமல் நிலத்துக்கு இருக்கிற காவல்) தானாக விழுந்தது. விழுந்த இரவே ஆள் போய் உரித்தார். காலையில் பார்த்தால் டெரகொட்டா (சுட்ட களிமண் புளொக்) நிறம் நிறமாக ஏலத்தில் அடுக்கிக் கிடக்கிறது.

அட்மின் போட்ட பதில் ஒரு வரி: "ரூல்ஸ்படி எல்லாம் சரி."

ரூல்ஸ்படி சரிதான். என் பிரச்சினையே அந்த ரூல்ஸ்தான்.

பேசாமல் விடுவோம் என்றுதான் இருந்தேன். "விடுங்க அக்கா, கட்டுறது அவனவன் ஹொபி, அதுக்கெல்லாம் காசு குடுக்க ஏலுமா?" என்று ஒருவர் எழுத, அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு இமோஜி. அதைப் பார்த்த பிறகு பொறுக்க முடியவில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். கட்டுகிறவருக்கு இந்தப் பொருளாதாரத்தில் வருமானம் வர வேண்டும். பாராட்டைச் சொல்லவில்லை, "செமடா தம்பி"யைச் சொல்லவில்லை. வருமானம். காசு.

மைன்கிராஃப்ட் விளையாடாதவர்களுக்கு (என் பெரியம்மாவும் இதை வாசிப்பார்) கொஞ்சம் விளக்கம். நம்முடைய சேர்வரில் காசு எப்படிப் பிறக்கிறது? சேர்வர் கடைக்குப் பொருளை விற்றால் பிறக்கும். அந்தக் கடை எவ்வளவு கொண்டுபோனாலும் வாங்கும், "போதும், நாளைக்கு வா" என்று ஒருநாளும் சொல்லாது. ஆகவே கெட்டிக்காரர்கள் கரும்புக்கும் பூசணிக்கும் இரும்புக்கும் ஓட்டோ ஃபார்ம் (தன்பாட்டில் விளைகிற பண்ணை) போடுகிறார்கள். இரும்பு ஃபார்மில் நாலு வில்லேஜர்களை (விளையாட்டில் வரும் ஊர்க்காரர்) அடைத்து, அவர்கள் பயப்பட ஒரு சொம்பியை (நடமாடும் பிணம்) முன்னால் நிறுத்தினால், காப்பாற்ற இரும்புக் கோலெம் என்ற காவல் பொம்மை பிறக்கும். பிறந்ததும் லாவாவில் விழுந்து சாகும். இரும்பு கீழே பெட்டிக்குள் சேரும். கொம்பியூட்டரை ஓன் பண்ணி வைத்துவிட்டு ஆள் தூங்கப் போகலாம். ஆள் தூங்கத் தூங்கக் காசு ஏறும்.

இதை நான் குறை சொல்லவில்லை. அந்த ஃபார்மைக் கட்டவும் மூளை வேண்டும். ஆனால் கட்டுகிறவனின் பக்கத்தையும் பாருங்கள். அவன் தொடங்கும்போதே செலவு. கோபுரத்தில் ஒரு சிவப்புப் பட்டை வைக்க வேண்டுமா? நாலு மணல், நாலு கிரவல், ஒரு சாயம் சேர்த்தால் எட்டு கொங்கிரீட் பவுடர். பவுடரை அப்படியே வைத்தால் கீழே கொட்டும். தண்ணீரில் படவைத்து இறுக்கி, உடைத்து எடுத்து, மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும். நிறம் ஒத்துவராவிட்டால் திரும்ப உடை, திரும்ப வை. அவன் வாங்குகிற மணலுக்கும், விளக்குக்கான இரும்புக்கும், கண்ணாடிக்கும் காசு கொடுக்கிறான். யாருக்கு? மேலே சொன்ன ஃபார்ம்காரர்களுக்கு. இந்தச் சேர்வரில் உண்மையான வாடிக்கையாளர் என்று இருப்பவர்கள் கட்டுகிறவர்கள் மட்டும்தான். மற்றவர்களெல்லாம் ஒரு ரோபோக் கடையிடம் பூசணி விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

"உன் சாயக்கடை வியாபாரம் போகுது, அதான் கத்துறாய்" என்று ஒருவர் நினைப்பது எனக்கு இங்கிருந்தே கேட்கிறது. ஆமாம், நான் சாயம் விற்கிறேன். கட்டுகிறவன் இல்லாவிட்டால் என் கடைக்கு ஈ கூட வராது. என் வியாபாரம் அவனில் தங்கியிருக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். உங்களுடையதும் அப்படித்தான் என்பதை நீங்கள்தான் ஒத்துக்கொள்ள மறுக்கிறீர்கள்.

அப்புறம் அந்த நிலவரி. "வரி எல்லாருக்கும் பொது" என்றார்கள். பொதுவாம்! இரும்பு ஃபார்ம் ஒரு வீட்டு முற்றத்துக்குள் அடங்கும். கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலையைக் கட்டுகிறவனுக்கு மலை வேண்டும், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு வேண்டும், கீழே கடலும் கொஞ்சம் வேண்டும். நிலத்தின் அளவுக்கு வரி என்றால் யார் அதிகம் கட்டுவார்? வருமானமே இல்லாதவன்தான். இதைப் பொது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அந்தக் கட்டடத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். கோட்டை வாசலைத் தாண்டி மலைக்கு ஏறுகிற ரோட்டில் நிற்கிற மான்களைக்கூட அவன் மறக்கவில்லை. மைன்கிராஃப்ட்டில் மான் இல்லை. என்ன செய்தான் தெரியுமா? ஆடுகளைக் கொண்டுவந்து விட்டான். அந்த ஆடு, நாம் ஒரு இடத்தில் அசையாமல் நின்றால் வந்து முட்டும். புதிதாகப் பார்க்க வந்த ஒருவர் இராவணன் வெட்டு ஓரத்தில் படம் எடுத்துக்கொண்டு நிற்க, ஆடு முட்டி நேரே கடலுக்குள் அனுப்பியது. அன்றைக்கு முழுச் சேர்வரும் சிரித்தது. அடுத்த நாள் அவன் ஓரத்தில் வேலி வைத்துவிட்டான், அதுவும் அங்கே உண்மையில் இருக்கிற மாதிரியே. அந்த வேலியும் ஏலத்தில் வந்தது. பார்த்தேன்.

நம்முடைய ஊர்க்காரருக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்? கோயிலை இடித்து, அந்தக் கல்லைக்கொண்டே போர்த்துக்கேயர் 1624இல் கோட்டை கட்டின ஊர் இது. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்று சொல்கிற கல்வெட்டு இன்றைக்கும் கோட்டை வாசலில் இருக்கிறது. எங்களுக்குப் பறங்கி தேவைப்படவில்லை. ஒரு பிளகின் (சேர்வரில் சேர்க்கிற சின்ன மென்பொருள்) போதுமாக இருந்தது.

சரி, மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதலாவது, கொஞ்சம் நியாயமானது: "கட்டடத்துக்கு எப்படி விலை போடுறது? அழகு ஆளுக்கு ஆள் மாறுமே." போன சீசனில் ஒரு முயற்சி செய்தோம், நினைவிருக்கிறதா? வேலைப் பிளகின் போட்டு, "பில்டர்" வேலைக்கு வைக்கிற ஒவ்வொரு புளொக்குக்கும் காசு என்றோம். என்ன நடந்தது? மண்ணை வை, உடை, வை, உடை. ஸ்போனிலிருந்து (எல்லாரும் முதலில் வந்து இறங்குகிற இடம்) எங்கேயும் போகாத ஒரு கருங்கல் மதில் வளர்ந்துகொண்டே போனது. அந்த மதில்காரர்தான் அந்த மாதம் அதிகம் உழைத்த பில்டர். தம்பி ஒரு கோயில் விமானத்தின் வளைவைச் சரிசெய்ய ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து கடைசியில் வைத்தது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய புளொக். அவனுக்குக் கிடைத்தது தேத்தண்ணிக் காசு.

இதைப் பார்க்கும்போது எனக்கு அப்பாவின் நினைவு வரும். அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினவர். ஃபிளெக்ஸ் வருவதற்கு முந்தைய காலம். நூலில் சோக் பூசி, ஒரு முனையை என்னிடம் பிடிக்கத் தந்து, நடுவில் இழுத்துத் தெறிப்பார். பலகையில் நேர்கோடு விழும். பிறகு எழுத்து. எழுத்து முடிந்த பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே சாம்பல் நிறத்தில் நிழல் வைப்பார். எழுத்தை விட நிழலுக்குத்தான் நேரம் போகும், எல்லா நிழலும் ஒரே பக்கம் விழ வேண்டும். முதலாளிமார் டேப்போடு வருவார்கள். சதுர அடிக்கு இவ்வளவு. ஒருமுறை அப்பா வாய் திறந்து, நிழலுக்குக் கொஞ்சம் கூட்டித் தாங்கோ என்று கேட்டார். கடைக்காரர் சொன்னார்: "நிழலுக்கு என்னத்துக்குக் காசு மாஸ்டர், அது எழுத்தோட தன்பாட்டில வாறதுதானே?" அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது விளங்கின வயது.

அதனால்தான் சொல்கிறேன், அளந்து கொடுக்கிற காசு கட்டுகிறவனுக்கு வராது. அவனுடைய வேலை அந்த நிழலில் இருக்கிறது.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. நான் கண்டுபிடித்ததும் இல்லை. செகண்ட் லைஃப் என்ற உலகத்தில் 2003இலிருந்தே ஆட்கள் தாங்கள் செய்த வீட்டையும் சட்டையையும் ஒருவருக்கொருவர் விற்கிறார்கள், அந்த லின்டன் டொலரை உண்மையான டொலராகவும் மாற்றலாம். ஃபோர்ட்நைட்டில் 2023இலிருந்து கடை வருமானத்தில் 40 வீதத்தை ஒதுக்கி, எந்தத் தீவில் ஆட்கள் எவ்வளவு ஈடுபாட்டோடு விளையாடுகிறார்கள் என்று பார்த்துத் தீவு கட்டினவர்களுக்குப் பிரிக்கிறார்கள். அட, மைன்கிராஃப்ட்டை வைத்திருக்கிற கம்பனியே 2017இல் ஒரு சந்தை திறந்து, கட்டினவர்கள் தங்கள் உலகங்களை விற்க விட்டது. 2014இல் 250 கோடி டொலர் கொடுத்து மைக்ரோசொஃப்ட் இதை வாங்கினது பூசணியைப் பார்த்தா?

எங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஏலத்தில் விழுகிற வரியில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். எந்தக் கட்டடத்துக்கு எத்தனை வேறு வேறு ஆட்கள் வந்தார்கள் என்று எண்ணுங்கள், அதற்கேற்பப் பிரியுங்கள். ஸ்போன் சந்தைக்குக் கூரை வேண்டுமென்றால் ஒப்பந்தம் பேசிக் காசு கொடுத்துக் கட்டுவியுங்கள். வாக்கெடுப்பு மட்டும் வேண்டாம். கூட்டாளிக்குக் கூட்டாளி போடுகிற வாக்கு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

இரண்டாவது மறுப்பு: "பணவீக்கம் வரும்." ராத்திரி முழுக்கப் பூசணி விற்றபோது வராத பணவீக்கம் கோபுரத்துக்குக் காசு கொடுத்தால்தான் வருமாம். மேலே போவோம்.

மூன்றாவது: "யூடியூபைப் பார்த்துக் கொப்பி அடிக்கிறாங்க, லைட்மட்டிகா மொட் (மாதிரியைத் திரையில் காட்டுகிற கருவி) போட்டு அப்படியே வைக்கிறாங்க." உங்கள் இரும்பு ஃபார்ம் டிசைன் உங்கள் தாத்தா எழுதி வைத்துவிட்டுப் போனதா?

நாலாவதுதான் என்னைச் சுட்டது. "கட்ட ஆசையென்றால் கிரியேட்டிவ் மோட்டுக்குப் போகச் சொல்லுங்க, அங்கே எல்லாம் ஃப்ரீ." அதாவது ஆள் நம்மோடு இருக்க வேண்டாம், தனியாக எங்காவது போய்க் கட்டட்டும். அப்படியா? அப்படியென்றால் புது ஆள் சேர்க்க நீங்கள் போடுகிற போஸ்டரில் இருக்கிற படம் யாருடையது? அந்தக் கோபுரமும் பின்னால் கடலும்தானே? ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் "எங்கட ஊர்" என்று ஆட்கள் உள்ளே வந்தது யாருடைய பூசணியைப் பார்க்க? போஸ்டருக்கு அவன் வேண்டும். பரிசுப் பட்டியலுக்கு வேண்டாம். வரிப் பட்டியலுக்கு மறுபடியும் வேண்டும்.

"கேம்தானே அக்கா" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு 2020 மார்ச் 12 அன்று மைன்கிராஃப்ட்டுக்குள் ஒரு நூலகம் திறந்தது. தணிக்கை செய்யப்பட்ட கட்டுரைகளைப் பல நாட்டவரும் உள்ளே போய் வாசிக்கலாம். 16 நாடுகளைச் சேர்ந்த 24 பேர், 1 கோடியே 25 லட்சத்துக்கும் மேற்பட்ட புளொக். கட்டினது பிளொக்வேர்க்ஸ் என்ற குழு, அவர்களுக்கு இதுவே தொழில். எங்கள் பிள்ளை ஒருத்தன் அப்படிப் போக மாட்டான் என்று எழுதி வைத்திருக்கிறதா? ஆனால் அவன் முதன்முதலில் கற்றுக்கொண்ட பாடம் என்ன, கட்டினால் கடனாளி, உரித்தால் கிரீடம்.

காசு வந்தால் கலை கெட்டுவிடும் என்று ஒரு அண்ணா நீளமாக எழுதியிருந்தார். நல்ல மனசு அண்ணா உங்களுக்கு. மாதச் சம்பளம் எடுத்துக்கொண்டு எழுதுகிறீர்கள்.

எனக்கே சொல்லி அலுத்துவிட்டது. "அக்கா சும்மா ஒரு பிறந்தநாள் பனர்", "அக்கா அஞ்சு நிமிஷ வேலைதானே", "அக்கா லோகோ ஒண்டு, பிறகு பாப்பம்". பிறகு பார்த்தவர் யாரும் இல்லை. மரக்கறிக்காரரிடம் போய் அஞ்சு நிமிஷத்தில் விளைந்ததுதானே என்று யாராவது கேட்பார்களா? வரைகிறவளிடமும் கட்டுகிறவனிடமும் மட்டும்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டு, நாங்கள் விலை சொன்னால் "காசுக்கு அலையுது" என்றும் சொல்வார்கள். நான் விளையாட வந்ததே இதெல்லாம் இல்லாத ஒரு இடம் என்று நினைத்துத்தான். இங்கேயும் அதே டேப், அதே சதுர அடி.

தம்பி அன்றைக்குப் பிறகு உள்ளே வரவில்லை. மெசேஜ் போட்டேன். "பரவாயில்ல அக்கா" என்று மட்டும் வந்தது. பரவாயில்லையாம்.

அட்மின் தம்பிக்கு: எனக்கு உன்னில் கோபம் இல்லை, இரவு பகலாக அந்தச் சேர்வரைத் தூக்கிப் பிடிக்கிறாய் என்று தெரியும். ஆனால் யார் எந்தப் புளொக்கை எப்போது உடைத்தார் என்ற லொக் (பதிவு) முழுக்க உன்னிடம் இருக்கிறது. அந்த ஒரு பகுதிக்கு மட்டும் ரோல்பேக் கொடுக்க, அதாவது பழையபடி திருப்ப, ஒரு கட்டளை போதும். ஏலத்தில் போனதற்கு வாங்கினவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடு, விற்றவரின் கணக்கில் கழி. கிரீடத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு அதில் ஆசை இல்லை. அடுத்த சீசனுக்கு முன் கட்டுகிறவருக்கு வருமானம் என்று ரூல்ஸில் ஒரு வரி எழுது.

எழுதாவிட்டால் என் கடை மூடியிருக்கும். சாயம் தேவையானவர்கள் பூப் பறித்து அரைத்துக்கொள்ளுங்கள். இரும்புக்கு நிறம் பூசத் தேவையில்லைதானே.