பீடத்தில் ஒரு பெண் ஏறினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

பெரிய வெள்ளியன்று எங்கள் கோவிலில் தேவசெய்தி கொடுக்க வந்த ஒரு பெண்ணைப் பீடத்தில் ஏறவிடாமல் கீழே நின்று பேசவைத்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோ எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றிவிட்டது. ஆனால் நேற்று ஒரு அண்ணாச்சி, "பிரச்சினை சுமுகமாக முடிந்தது, அந்தப் பிள்ளையும் தாழ்மையோடு ஏற்றுக்கொண்டது" என்று போட்டிருந்ததைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

தாழ்மையோடு ஏற்றுக்கொண்டாளா? நான் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாம் வார்த்தையைப் பற்றிப் பேச அவள் பெயரை வாசித்தார்கள். பீடத்துப் படியில் ஒரு காலை வைத்தாள். அதற்குள் ஒருவர் எழுந்துபோய் குருவானவர் காதில் ஏதோ சொல்ல, பாடகர் குழு மைக்கை இழுத்துவந்து கீழே வைத்துவிட்டார்கள். உயரமான பையனுக்காக வைத்த ஸ்டாண்டு. அதை இறக்கிக் கொடுக்கக்கூட ஒருவரும் வரவில்லை, தானே திருகி இறக்கிக்கொண்டாள். எழுதி வைத்திருந்த தாளை மடித்து பைபிளுக்குள் செருகிவிட்டு, பார்க்காமலே பேசினாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. இதற்குப் பெயர் தாழ்மை இல்லை, அவமானம்.

இத்தனைக்கும் அவள் பி.டி. என்ற இறையியல் பட்டம் முடித்தவள். கிரேக்கமும் எபிரெயமும் படித்தவள். குருவானவரே அழைத்துத்தான் வந்தாள். அப்புறம் ஏன் அந்த நான்கு படி ஏறக் கூடாது?

"வேதம் சொல்கிறதே" என்பீர்கள். சரி, பேசுவோம். 1 தீமோத்தேயு 2:12, உபதேசம்பண்ண ஸ்திரீக்கு உத்தரவு கொடுக்கிறதில்லை என்று பவுல் எழுதியிருக்கிறார். எனக்கும் தெரியும், சின்ன வயதிலிருந்து அந்த வசனத்தைத்தான் எங்கள் மேல் எறிகிறீர்கள். அதற்கு மூன்று வசனம் மேலே பாருங்கள். பெண்கள் பொன்னாலும் முத்தினாலும் அலங்கரிக்க வேண்டாம் என்று அதே பவுல், அதே அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். நம் கோவிலில் கல்யாணப் பெண் கழுத்து நிறைய நகையோடு வந்து நிற்கும்போது யாராவது எழுந்துபோய் குருவானவர் காதில் சொன்னீர்களா? ஒன்பதாம் வசனம் அந்தக் காலத்துச் சூழ்நிலைக்குச் சொன்னது, பன்னிரண்டாம் வசனம் மட்டும் எல்லாக் காலத்துக்கும் என்றால், அந்தக் கோட்டைப் போட்டது பவுலா, நீங்களா?

அந்த நிருபம், அதாவது பவுலின் அந்தக் கடிதம், யாருக்கு எழுதப்பட்டது? தீமோத்தேயுவுக்கு. அவருக்கு விசுவாசம் எங்கிருந்து வந்தது? பாட்டி லோவிசாளிடமும் அம்மா ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது என்று பவுலே அடுத்த நிருபத்தில் எழுதுகிறார். அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவர், நல்ல பேச்சாளர். அவரை அழைத்துக்கொண்டுபோய் தேவனுடைய வழியை இன்னும் தெளிவாக விளக்கிச் சொன்னது ஆக்கில்லா மட்டுமா? கூடவே அவர் மனைவி பிரிஸ்கில்லாளும்தானே. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளை ரோமாபுரி சபை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பவுல் எழுதியதை எந்த ஞாயிற்றுக்கிழமையாவது பிரசங்கமாகக் கேட்டிருக்கிறீர்களா? யோசியா ராஜாவின் காலத்தில் ஆலயத்தில் நியாயப்பிரமாணப் புஸ்தகம் கிடைத்தபோது, பிரதான ஆசாரியன் இல்க்கியா அர்த்தம் கேட்டுப் போனது உல்தாள் என்ற தீர்க்கதரிசியிடம். உயிர்த்தெழுந்த செய்தியைப் போய்ச் சொல் என்று ஆண்டவர் முதலில் அனுப்பியது மகதலேனா மரியாளை. பெண்களுக்குக் குருப்பட்டமே கொடுக்காத கத்தோலிக்கத் திருச்சபைகூட 2016-ல் அவர் நினைவு நாளைத் திருவிழாவாக உயர்த்தியது.

"இதெல்லாம் மேல்நாட்டுப் பெண்ணியம், நம் திருச்சபைக்கு ஒத்துவராது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, பாளையங்கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். 1778-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா அம்மையார், ஒரு விதவை, 1785-ல் கட்டிய கோவில் இன்றும் இருக்கிறது. 1780-ல் எழுதிய முதல் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர், முதல் பெயர் அவருடையது. திருநெல்வேலித் திருச்சபையே ஒரு பெண்ணின் பெயரில் தொடங்குகிறது, நீங்கள் எந்த மேல்நாட்டைச் சொல்கிறீர்கள்?

"நம் தென்னிந்தியத் திருச்சபையில், சி.எஸ்.ஐ.யில்தான் எல்லா உரிமையும் கொடுத்தாகிவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்" என்பவர்களுக்கு: ஆமாம், கொடுத்தாகிவிட்டது. 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். 2013-ல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயராகவே ஆனார். அதனால்தான் கேட்கிறேன். பேராயராக ஒரு பெண் கைவைத்து ஆண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று திருச்சபை தீர்மானித்துவிட்டது. எங்கள் ஊர் பீடத்துப் படியில் மட்டும் அந்தத் தீர்மானம் செல்லாதா? அதை ரத்து செய்யும் அதிகாரத்தை அந்த அண்ணாச்சிக்கு யார் கொடுத்தது?

எங்கள் ஆச்சி பைபிள் உமனாக இருந்தவர். வெள்ளைச் சேலை, ஒரு துணிப்பை, அதற்குள் பைபிளும் பாட்டுப் புத்தகமும். செருப்பில்லாமல் தேரிக்காட்டு மணலில் நடந்து ஊர் ஊராகப் போய், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களை உட்காரவைத்து வசனம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர் சேர்த்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் இருக்கிறார்கள். கோவில் கல்வெட்டில் அந்தக் காலத்து உபதேசியார்கள் பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறது. ஆச்சி பெயர் இல்லை. நான் இதைக் கமிட்டியில் ஒருமுறை கேட்டபோது, "அவங்க ஊழியம் பரலோகத்தில் எழுதப்பட்டிருக்கும்மா" என்றார்கள். உபதேசியார் பெயரும் பரலோகத்தில் எழுதப்பட்டிருக்குமே, பிறகு எதற்குக் கல்வெட்டில் வெட்டினீர்கள்?

நானும் ஓய்வுநாள் பள்ளியில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிறேன். ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அங்கே யாருக்கும் பன்னிரண்டாம் வசனம் ஞாபகம் வருவதில்லை. பையனுக்கு எத்தனை வயதானால் நான் சொல்லிக்கொடுப்பது பாவமாகிறது, அதையாவது சொல்லுங்கள். அன்றைக்கு மைக் ஸ்டாண்டைத் தூக்கிவந்த பையன் என்னிடம் பத்துக் கட்டளை படித்தவன். அவன்மேல் கோபமில்லை, தூக்கச் சொன்னவர்கள்மேல்தான்.

"பெண்களே இதை விரும்பவில்லை" என்றும் சொல்கிறீர்கள். சிலர் விரும்பவில்லைதான், என் சித்தியே விரும்பவில்லை. பீடத்தில் ஒரு பெண்ணையும் பார்க்காமலே வயதானவர் அவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்களிடம் எதைக் கேட்க வேண்டுமோ அதையெல்லாம் தயங்காமல் கேட்கிறீர்கள். கோவில் விருந்தான அசனத்துக்குத் தேங்காய் துருவ, காய் நறுக்க விடியற்காலை மூன்று மணிக்கு வரச் சொல்கிறீர்கள். கைப்பிடி அரிசி கேட்கிறீர்கள். கோபுரம் கட்ட வளையலைக் கழற்றிக் கேட்டீர்கள், என் அம்மா கழற்றிக் கொடுத்தார். கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் மட்டும் ஒரு கேள்வி கேட்டால், "ஏம்மா, வீட்டுல ஆம்பிளை இல்லையா" என்கிறீர்கள். இதைச் சொன்னது யார் என்று இங்கே பெயர் போட மாட்டேன், அவர் இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பார்.

சபையைப் பிரிக்கிறேன் என்று கமெண்டில் வராதீர்கள். ஐம்பது வருஷமாகக் குடும்பத்தோடு இதே கோவிலில்தான் இருக்கிறோம், வேறு எங்கும் போகப்போவதும் இல்லை. வரும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அந்தத் தங்கச்சியை மறுபடி அழைத்து, பீடத்தில் நின்று தேவசெய்தி கொடுக்க வைக்க வேண்டும் என்று கமிட்டிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஆச்சி பெயரையும் கல்வெட்டில் சேர்க்கச் சொல்லி இரண்டாவது பத்தியில் கேட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள், ஆண்களும்தான், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். பேனா நான் கொண்டுவருகிறேன்.